பாதி விடை வேற நாட்டு வகுப்புல இருக்கணும்

உலகத்துல இருக்கிற வகுப்பறைகளை ஆன்லைன்ல இணைக்கிறதுன்னு சொன்னதும் நிறைய பேருக்கு மனசுல வர்ற படம் ஒண்ணுதான். பெரிய ஸ்க்ரீன், அந்தப் பக்கம் ஒரு வகுப்பு, இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, எல்லாரும் கை ஆட்டுறாங்க, ஆளுக்கொரு பாட்டு பாடுறாங்க, டீச்சர் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிறாங்க, முடிஞ்சது. பிள்ளைங்க அன்னைக்கு சந்தோஷமா இருப்பாங்க, அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பல வருஷமா வகுப்புகளை இப்படி சேர்த்து விடுற வேலையில இருக்கேன், அதனால ஒண்ணை அழுத்தி சொல்லணும்னு தோணுது. அடுத்த வாரமும் அந்த வகுப்புகிட்ட பேசுறதுக்கு பிள்ளைங்களுக்கு ஒரு காரணம் வேணும். நம்ம கேள்விக்கு விடையில பாதி அவங்க கையில இருந்தா அந்தக் காரணம் தானா வந்துடும். அவங்க அளந்து அனுப்பினாதான் நம்ம கணக்கு முடியும்ங்கிற நிலைமை. அது இருக்கிற ப்ராஜெக்ட் கடைசி வரைக்கும் ஓடும், இல்லாதது ரெண்டாவது மாசத்துல படுத்துடும்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் நிழல் அளக்குறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல எரட்டோஸ்தீனஸ்னு ஒருத்தர், அலெக்சாண்டிரியா நூலகத்தோட தலைவரா இருந்தவர், பூமியோட சுற்றளவை கணக்கு போட்டாரு. சையீன்னு ஒரு ஊர், இன்னைக்கு அதுதான் எகிப்துல இருக்கிற அஸ்வான், அங்க வருஷத்துல நீளமான பகல் வர்ற அன்னைக்கு உச்சிவேளையில சூரியன் தலைக்கு நேர் மேல நிக்கும், அதே நாள் அதே வேளையில அலெக்சாண்டிரியால நிழல் விழும், அந்த நிழலோட கோணம் ஒரு முழு வட்டத்துல 50ல ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி. ரெண்டு ஊருக்கும் நடுவுல 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்து கிரேக்க நீள அளவு) தூரம், அதை 50ஆல பெருக்கினா பூமியைச் சுத்தி எவ்வளவுன்னு வந்துடுது. இதை ரெண்டு பள்ளிக்கூடம் சேர்ந்து செய்யலாம். அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருக்கிற ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 'நூன் டே ப்ராஜெக்ட்'ங்கிற பேர்ல பல நாட்டுப் பள்ளிகளை சேர்த்து இதை நடத்திச்சு.

மார்ச் 20, 21 வாக்குல, இல்லேன்னா செப்டம்பர் 22, 23 வாக்குல, பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாளை ஒட்டி செய்யணும். ஒரு மீட்டர் குச்சி ஒண்ணை நேரா நிறுத்தணும், நேரா நிக்குதான்னு பார்க்க கொத்தனாருங்க வச்சிருக்கிற தூக்குக்குண்டு போதும், நூலும் கல்லும் கட்டினாகூட சரிதான். கடிகாரத்துல 12 மணி ஆனதும் ஓடிப்போய் அளந்தா தப்பாயிடும், ஏன்னா அந்த இடத்தோட உண்மையான உச்சிவேளை கடிகாரத்துக்கு முன்னயோ பின்னயோதான் வரும், அதனால 11:30 மணியிலயே ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலோட நுனியில ஒரு புள்ளி வச்சுக்கிட்டே போகணும், நிழல் குறைஞ்சுக்கிட்டே வந்து மறுபடி நீள ஆரம்பிக்கிற வரைக்கும். அதுல ரொம்பக் குட்டையான நிழல்தான் நமக்கு வேணும்.

ஒரு பள்ளியில அந்த நிழல் 36 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, குச்சியையும் நிழலையும் முக்கோணமா வரைஞ்சு குச்சியோட உச்சியில அளந்தா கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரி. இன்னொரு நாட்டுப் பள்ளியில 84 சென்டிமீட்டர், கோணம் 40 டிகிரி. வித்தியாசம் 20. ஒரு பள்ளி இன்னொண்ணுக்கு நேர் வடக்குல இருக்கணும்னு கட்டாயமில்ல, வடக்கு-தெற்கா எவ்வளவு தள்ளி இருக்காங்கங்கிற தூரம் மட்டும் தெரிஞ்சா போதும், அது 2,220 கிலோமீட்டர்னா 360ல 20 எத்தனை தடவை போகும், 18, அப்போ 18ஐ 2,220ஆல பெருக்கு, 39,960. பூமியோட உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஒரு குச்சியும் ஒரு டேப்பும் வச்சு. இந்த விடையைப் பார்க்கிறப்போ வகுப்புல எழும்புற சத்தம் இருக்கே, அதுக்காகவே நான் இந்த வேலையில இருக்கேன்னு சொல்லலாம்.

இதுல பிள்ளைங்களே கண்டுபிடிக்கிற ஒரு விஷயம் இருக்கு. பக்கத்து ஊர்ல 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோட சேர்ந்து செஞ்சா கோண வித்தியாசம் 2 டிகிரிகூட வராது, அளக்கிறதுல 1 டிகிரி பிசகினாலே கணக்கு எங்கயோ போயிடும். 2,220 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோட செஞ்சா அதே 1 டிகிரி பிசகு சுற்றளவுல சுமார் 2,000 கிலோமீட்டர்தான் மாத்தும், நூத்துக்கு அஞ்சு. அதாவது தூரமா இருக்கிறதுதான் லாபம். வழக்கமா தூரத்தை ஒரு தடையாத்தான் பேசுவோம், இங்க பிள்ளைங்களே "இன்னும் தள்ளி யாராவது கிடைப்பாங்களா"ன்னு கேக்குறாங்க, வெளிநாட்டு வகுப்பு வேணும்னு டீச்சர் சொல்ல வேண்டியதே இல்ல, கணக்கு கேக்குது.

ஒரு தடவை தெற்கு அரைக்கோளத்துல இருந்த ஒரு வகுப்போட சேர்ந்து செஞ்சப்போ விடை கன்னாபின்னான்னு வந்துச்சு. இங்க இருந்த பிள்ளைங்க அவங்க தப்பா அளந்துட்டாங்கன்னு சொல்ல, அங்க இருந்தவங்க நீங்கதான் தப்புன்னு எழுத, ரெண்டு பக்கமும் மறுபடி அளந்தாங்க, அப்பவும் அதே விடைதான். கடைசியா யாரோ ஒரு பிள்ளை ஒரு கேள்வி எழுதி அனுப்பினா, உங்க நிழல் எந்தப் பக்கம் விழுந்துச்சு? தெற்குப் பக்கம்னு பதில் வந்துச்சு. அவங்களுக்கு மதிய சூரியன் வடக்குல நிக்குது, இவங்களுக்கு தெற்குல நிக்குது, அப்போ ரெண்டு கோணத்தையும் கழிக்கக் கூடாது, கூட்டணும். கூட்டினாங்க, சரியா வந்துச்சு. பாடப்புத்தகத்துல ஒரு வரியா இருக்கிற விஷயம்தான் இது, ஆனா வேற ஒரு நாட்டுப் பிள்ளையோட சண்டை போட்டு தெரிஞ்சுக்கிட்டது மறக்காது. அதுக்கப்புறம் அவங்க கேள்வியெல்லாம் மாறிப்போச்சு, உங்க ஊர்ல சூரியன் இடமிருந்து வலமா போகுமா வலமிருந்து இடமா, நிலா தலைகீழா தெரியுமா, வீடு எந்தத் திசை பார்த்தா வெயில் வரும், இப்படி.

இன்னொரு பிள்ளை கேட்டது என்னை ரொம்ப யோசிக்க வச்சுச்சு. மேப்ல ரெண்டு ஊருக்கும் தூரம் போட்டிருக்குன்னா, மேப் வரைஞ்சவங்களுக்கு பூமி எவ்வளவு பெருசுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே, அப்புறம் நாம என்னத்த கண்டுபிடிச்சோம்? நியாயமான கேள்வி. எரட்டோஸ்தீனஸ்கிட்ட இருந்த 5,000 ஸ்டேடியா யாரோ தரையில அளந்து சொன்ன தூரம். அதனால முடிஞ்சா வண்டி ஓடின கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கிட்டு, ரோடு வளையறதுக்கு கொஞ்சம் கழிச்சு, அதையும் வச்சு ஒரு விடை போட்டுப் பாருங்கன்னு இப்பல்லாம் சொல்றேன். கடல் குறுக்க இருந்தா இது முடியாது, அது வேற.

தண்ணி கொதிக்க வைக்கிற ப்ராஜெக்ட் ஒண்ணும் அதே ஸ்டீவன்ஸ் ஆளுங்க நடத்தினதுதான். தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்ங்கிறதை எது முடிவு பண்ணுது, தண்ணியோட அளவா, அறையோட வெப்பமா, அடுப்பா, இல்ல ஊரோட உயரமா? ஒரே ஊர்ல உக்காந்துக்கிட்டு எத்தனை தடவை கொதிக்க வச்சாலும் உயரம் மாறாது, அதனால அந்த வகுப்புக்கு விடை கிடைக்கவே கிடைக்காது. கடலோரத்துல ஒரு வகுப்பு 100 டிகிரின்னு எழுதும், சுமார் 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற மெக்சிகோ சிட்டி மாதிரி ஊர்ல ஒரு வகுப்பு 92, 93ன்னு எழுதும், நடுவுல 600 மீட்டர்ல ஒரு வகுப்பு 98ன்னு எழுதும், எல்லாத்தையும் ஒரே க்ராஃப்ல புள்ளி வச்சா கோடு தானா தெரியும். சில வகுப்பு தெர்மாமீட்டரை பாத்திரத்தோட அடியில முட்ட வச்சிருப்பாங்க, அவங்க புள்ளி மட்டும் தனியா நிக்கும், அவங்களை யாரும் திட்ட வேண்டியதில்ல, புள்ளியைப் பார்த்ததும் அவங்களே மறுபடி செய்வாங்க.

இந்த யோசனை இன்டர்நெட்டோட வந்ததுன்னு நினைக்கிறவங்க நிறைய. 1920கள்ல ஃப்ரான்ஸ்ல செலஸ்டின் ஃப்ரேனேன்னு ஒரு வாத்தியார், முதல் உலகப் போர்ல நுரையீரல்ல அடிபட்டவர், மூச்சு விட்டு ரொம்ப நேரம் பாடம் நடத்த முடியாது. தெற்கு ஃப்ரான்ஸ்ல பார்-சுர்-லூப்ங்கிற சின்ன கிராமத்துல வேலை. வகுப்புக்குள்ளயே ஒரு சின்ன அச்சு மெஷினைக் கொண்டு வந்தாரு, பிள்ளைங்க அவங்கவங்க எழுதினதை அவங்களே அச்சுக்கோத்து அடிச்சு, ஃப்ரான்ஸோட வடமேற்குல இருக்கிற பிரிட்டனியில த்ரெகங்க்ங்கிற கடலோர ஊர்ல இருந்த ஒரு வகுப்புக்கு தபால்ல அனுப்பினாங்க, அங்க இருந்தும் வந்துச்சு. மலைப்பக்கத்துப் பிள்ளைங்க எழுதினதை கடலோரத்துப் பிள்ளைங்க படிக்கிறாங்க. தன் ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்கு எழுதுறப்போதான் பிள்ளை தன் ஊரை உத்துப் பார்க்கும், இது அன்னைக்கும் அப்படித்தான் இன்னைக்கும் அப்படித்தான்.

அப்புறம் 1980கள். சான் டியேகோல ஆல் ராஜர்ஸ்ங்கிறவர் ஆரம்பிச்ச ஃப்ரெட்மெயில், ஆப்பிள் கம்ப்யூட்டர்ல மோடம் மாட்டி, ஃபோன் கட்டணம் குறைவா இருக்கிற ராத்திரி நேரத்துல ஒரு பள்ளி கம்ப்யூட்டர் இன்னொண்ணைக் கூப்பிட்டு கடிதங்களை மாத்திக்கும், காலையில பிள்ளைங்க வந்து பார்ப்பாங்க. 1988ல, பனிப்போர் இன்னும் முடியலை, அப்பவே பீட்டர் கோபென்ங்கிறவரோட முயற்சியில நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைச்சாங்க, அதுல இருந்து வளர்ந்ததுதான் ஐஎர்ன்ங்கிற பள்ளி வலையமைப்பு, இன்னைக்கு 140க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருக்கு. அதே காலத்துல நேஷனல் ஜியாக்ரஃபிக் கிட்ஸ் நெட்வொர்க்னு ஒண்ணு, டெர்க்ங்கிற கல்வி அமைப்போட சேர்ந்து நடத்தினது, அமெரிக்காவுல பல மூலையில இருந்த வகுப்புங்க மழைத்தண்ணியைப் பிடிச்சு எவ்வளவு அமிலம் இருக்குன்னு அளந்து அனுப்பினாங்க. அமில மழை எங்க அதிகம்ங்கிறதை ஒரு வகுப்பு தன் வாளியை மட்டும் பார்த்து சொல்ல முடியாதுல்ல, எல்லாருடைய அளவும் வரைபடத்துல ஏறினாதான் தெரியும். நான் முதல்ல சொன்னேனே பாதி விடைன்னு, அதை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே சரியா புரிஞ்சுக்கிட்டு செஞ்சவங்க இவங்கதான்னு நினைக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைங்க சுற்றுச்சூழலை அளக்கிற க்ளோப் ப்ரோக்ராமும் இதே வழிதான், 1994 ஏப்ரல் 22, பூமி தினத்துல அப்போ அமெரிக்கத் துணை ஜனாதிபதியா இருந்த அல் கோர் அறிவிச்சு அடுத்த வருஷம் பூமி தினத்துல வேலை தொடங்கினது. மேகம், மண், மரத்தோட உயரம், தண்ணி இப்படி ஒவ்வொண்ணையும் எப்படி அளக்கணும்னு விஞ்ஞானிங்க எழுதி வச்ச முறை இருக்கு, எந்த நாட்டுப் பள்ளியா இருந்தாலும் அதே முறை. பிள்ளைங்க கீழ இருந்து மேகத்தைப் பார்த்து எழுதுற அதே நேரத்துல நாசா செயற்கைக்கோள் மேல இருந்து பார்த்திருந்தா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மெயில் அனுப்புவாங்க. மேல இருந்து பார்க்கிறப்போ உயரத்துல இருக்கிற மேகம் அடியில இருக்கிறதை மறைச்சுடும், அந்த அடி மேகத்தை கீழ நிக்கிற பிள்ளைதான் பார்க்க முடியும். எட்டாம் வகுப்பு பிள்ளை ஒண்ணு சாட்டிலைட்டுக்கு தெரியாததை நான் சொன்னேன்னு சொல்லுது, அது உண்மையும்கூட.

ஜர்னி நார்த்ங்கிற ப்ராஜெக்ட் பத்தியும் ஒரு வார்த்தை. மோனார்க் பட்டாம்பூச்சிங்க கனடா, அமெரிக்காவுல இருந்து குளிர்காலத்துக்கு மத்திய மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போகும். போற வழியில எங்க எப்போ பார்த்தோம்னு பிள்ளைங்க பதிவு பண்ணினாங்க. கூடவே காகிதப் பட்டாம்பூச்சி செஞ்சு அனுப்பினாங்க, அது மெக்சிகோல அந்தக் காட்டுப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைங்க கைக்குப் போச்சு, வசந்தத்துல மறுபடி வடக்கே வேற வேற வகுப்புக்குத் திரும்புச்சு. நீங்க அனுப்பினதே உங்களுக்கு வராது, வேற யாரோ செஞ்சது வரும். நிஜப் பட்டாம்பூச்சியும் அப்படித்தான், தெற்கே போனது முழுசா திரும்பி வராது, வழியில முட்டையிட்டு அடுத்த தலைமுறைதான் வந்து சேரும். ரொம்ப யோசிச்சு செஞ்ச ஏற்பாடு இது.

எத்தனை வகுப்பு சேரணும்ங்கிறது அடுத்த விஷயம். ரெண்டே வகுப்புன்னா ஒரு டீச்சருக்கு மாற்றல் வந்தாலோ, அங்க பரீட்சை வந்தாலோ, நெட் போனாலோ எல்லாம் நின்னுடும், காத்திருக்கிற பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியாது. மார்கரெட் ரீல்ங்கிற கல்வி ஆராய்ச்சியாளர் உருவாக்கின லேர்னிங் சர்க்கிள் முறையில ஆறுல இருந்து எட்டு வகுப்பு வரைக்கும் ஒரு வட்டம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு கேள்வியை எடுத்துக்கும், மத்த எல்லா வகுப்பும் அந்தக் கேள்விக்கு தங்க பங்கை எழுதி அனுப்பணும், வந்ததை எல்லாம் கேள்வி கேட்ட வகுப்பு தொகுத்து வெளியிடும். நான் உனக்கு செய்யுறேன், நீ எனக்கு செய். ஒரு வகுப்பு விலகிட்டாலும் மத்தவங்க ஓட்டிடலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது எல்லா வகுப்பும் கேக்குற இடத்துலயும் இருக்கு, கொடுக்கிற இடத்துலயும் இருக்குங்கிறதுதான்.

ஏன் இதை இவ்வளவு பெருசா சொல்றேன்னா, வசதியான நாட்டு வகுப்பையும் வசதி குறைஞ்ச நாட்டு வகுப்பையும் சேர்க்கிறப்போ பாதி நேரம் என்ன நடக்குதுன்னா, இவங்க நோட்டுப் புத்தகம் சேர்த்து அனுப்புறாங்க, அவங்க நன்றின்னு வீடியோ எடுத்து அனுப்புறாங்க. இது எனக்கு சுத்தமா பிடிக்காது. உதவி பண்றது நல்ல விஷயம், பெரியவங்க வேற வழியில பண்ணட்டும். ஒரே வகுப்புல கூட்டாளின்னு சொல்லிட்டு ஒரு பிள்ளையை எப்பவும் நன்றி சொல்ற இடத்துல நிறுத்துறது சரியில்ல. நிழல் அளக்குறப்போ ஒரு குச்சி இருக்கிற பள்ளியும், லேப் இருக்கிற பள்ளியும் ஒண்ணுதான். அந்தக் குச்சியோட 84 சென்டிமீட்டர் இல்லாம இவங்க கணக்கு நகராது.

மொழியும் அப்படித்தான். பெரும்பாலும் ஆங்கிலத்துலதான் நடக்குது, அதனால ஆங்கிலம் வீட்டு மொழியா இருக்கிற பிள்ளை தன்னால கெட்டிக்காரன் மாதிரி தெரியும், மத்தது தயங்கும். நேரடி வீடியோ காலுக்கு நான் ஏன் முதல் இடம் கொடுக்க மாட்டேன்னா இதான் முக்கிய காரணம். எழுதி அனுப்புறதுன்னா பிள்ளைக்கு யோசிக்க நேரம் இருக்கு, அகராதி பார்க்கலாம், தன் மொழியில எழுதிட்டு மாத்திக்கலாம், படம் வரையலாம், எண்ணா எழுதலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு ஐஎர்ன்ல டெடி பேர் ப்ராஜெக்ட் இருக்கு, ரெண்டு வகுப்பு ஒரு பொம்மையை தபால்ல மாத்திக்கும், போன இடத்துல பொம்மை தினம் என்ன பார்த்துச்சுன்னு அந்த வகுப்புப் பிள்ளைங்க பொம்மை எழுதுற மாதிரி டைரி எழுதி வீட்டுக்கு அனுப்பணும். தன் பேர்ல நாலு வரி எழுதத் தயங்குற பிள்ளை பொம்மை பேர்ல ஒரு பக்கம் எழுதும், நான் பார்த்திருக்கேன்.

வீடியோ காலே வேண்டாம்னு சொல்லலை. எந்த நாட்டுல இருக்கோம்னு சொல்லாம, ஆமா இல்லைங்கிற பதிலை மட்டும் வச்சு கண்டுபிடிக்கிற மிஸ்டரி ஸ்கைப் விளையாட்டு ஒரு மணி நேரத்துக்கு அருமையா இருந்துச்சு, மேப்பை பிள்ளைங்க அவ்வளவு வேகமா புரட்டி நான் பார்த்ததில்ல. ஆனா பூமியோட எதிர்ப்பக்கத்து வகுப்போட பேசணும்னா ஒருத்தருக்கு காலை 9 மணி, இன்னொருத்தருக்கு ராத்திரி 9 மணி, யாராவது ஒரு பக்கம் பள்ளி நேரத்தைத் தாண்டித்தான் வரணும். ஸ்கைப்பே 2025 மே மாசத்தோட மூடியாச்சு. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, எந்த ஆப்லயும் ப்ராஜெக்டோட உயிரை வைக்காதீங்க, மெயிலும், எல்லாரும் அளவை எழுதுற ஒரு பொது அட்டவணையும் இருந்தா ஓடுற மாதிரி அமைச்சுக்கோங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் கறார். பிள்ளை பேர் வேண்டாம், குழுவுக்கு ஒரு பேர் வச்சுக்கிட்டு அதுல எழுதட்டும். முகம் தெரியுற ஃபோட்டோ வேண்டாம், கையும் குச்சியும் நிழலும் தெரிஞ்சா போதும். எல்லாம் டீச்சர் கணக்கு வழியா போகட்டும். 13 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க விவரத்தை ஆன்லைன் சேவைகள் வாங்குறதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவுல 1998லயே சட்டம் வந்துடுச்சு, ஐரோப்பாவுல நாட்டுக்கு நாடு 13ல இருந்து 16 வரைக்கும் அந்த வயசு வரம்பு மாறும், அதனால கூட்டு சேர்ற நாடுகள்ல எந்த விதி கடுமையோ அதை எல்லாருக்கும் வச்சுடுங்க, வாக்குவாதமே வராது.

ஆரம்பிக்கணும்னு நினைக்கிற டீச்சருக்கு நான் சொல்றது, செப்டம்பர் நிழலை எடுத்துக்கோங்க. வடக்குல ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கம் லீவு, தெற்குல டிசம்பர், ஜனவரி பக்கம் லீவு, செப்டம்பர் கடைசியில ரெண்டு பக்கமும் பெரும்பாலும் பள்ளி திறந்திருக்கும். ஆறு வகுப்பாவது தேடுங்க, அதுல ஒண்ணாவது பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கமா இருக்கட்டும். அன்னைக்கு மேகம் மறைச்சா முன்னாடி பின்னாடி நாலு நாளுக்குள்ள அளந்துக்கலாம்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க, ஆனா ஜோடி சேர்ற ரெண்டு வகுப்பும் அதே நாள் அளவைத்தான் எடுக்கணும், ஏன்னா அந்த வாரத்துல சூரியன் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 0.4 டிகிரி நகரும். பொது அட்டவணையில நிழலோட நீளத்தை மட்டும் போட்டா பத்தாது, குச்சியோட நீளம், தேதி, நிழல் குட்டையா இருந்த கடிகார நேரம், நிழல் விழுந்த திசை, அளந்த குழுவோட பேர், எல்லாத்துக்கும் தனித்தனிக் கட்டம் வேணும். திசைக்கான கட்டத்தை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கூட்டுறதா கழிக்கிறதாங்கிறதை மட்டும் முன்னாடியே சொல்லிக் கொடுக்காதீங்க, அந்தச் சண்டை அவங்களுக்குள்ள நடக்கட்டும்.